ஐந்தாவது ஃபவுல்

"மீ பாப்பா ஏ நம்பர்?" என்று கேட்பார்கள். திருப்பதியில் பெண்கள் கல்லூரிகளுக்கான கூடைப்பந்துப் போட்டி நடக்கும் மைதானத்தில், படியில் போய் உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் இருக்கும் அம்மா யாராவது கேட்டுவிடுவார். உங்கள் பெண் எத்தனையாம் நம்பர்? எனக்குப் பெண் இல்லை. கல்யாணமே ஆகவில்லை, பெண் எங்கிருந்து வரும்? முதலில் சில வருஷம், நான் படித்த கல்லூரி, அதனால் பார்க்க வந்தேன் என்று தெலுங்கில் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் அலுத்துப்போய் "நாலாம் நம்பர்" என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அந்த அம்மா எனக்கு முறுக்கும் மோரும் கொடுத்தார். நாலாம் நம்பர் பந்தைப் போட்டபோதெல்லாம் என் தொடையில் தட்டிச் சந்தோஷப்பட்டார். தோற்ற பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். பொய் சொல்லிவிட்டோமே என்று வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்த ஆறுதல் நன்றாக இருந்தது.

இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. வருஷத்தில் எதற்கும் லீவு கேட்காதவள், இந்தப் போட்டிக்கு மட்டும் கேட்பேன். நான் பார்த்து எங்கள் கல்லூரி ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கியதில்லை. சில வருஷம் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டிவிடுவார்கள். சில வருஷம் இறுதி ஆட்டம் வரைக்கும் ஆசைகாட்டி அழைத்துப்போய் அங்கே கைவிடுவார்கள். ஒரே ஒரு தடவை அவர்கள் ஜெயிப்பதைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. விளையாட்டின் மேல் அப்படி என்ன பைத்தியம் என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். பைத்தியம் இல்லை. ஒரு கோப்பையை நானே தொலைத்தேனோ என்ற சந்தேகம்.

நான் விளையாடியவள் இல்லை. ஐந்தடி உயரமே கிடையாது. நகரி பக்கத்தில் எல்லையோர ஊர் எங்களுடையது. நைனா கூலிக்குப் போய், பிற்பாடு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, என்னைத் திருப்பதியில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார். கல்லூரியில் விளையாட்டு பார்த்துக்கொண்ட பி.டி. மேடம் ஒருநாள் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "எழுத்து முத்து மாதிரி இருக்கு, ஸ்கோர் ஷீட் நீ எழுது" என்று கோர்ட்டுக்கு இழுத்துப் போனார். யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ஃபவுல் என்று குறிக்கிற வேலை. மூன்று வருஷம் அந்த மேசையில்தான் என் சாயங்காலங்கள் போயின. விளையாடும் பெண்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "ஸ்கோர்" என்பார்கள். ஏய் ஸ்கோர், தண்ணி எடு. ஏய் ஸ்கோர், தின்ன வா. எனக்கு அது பட்டப்பெயராகத் தோன்றவில்லை. அவர்கள் பத்துப் பேரோடு பதினோராவதாக நானும் ஒருத்தி என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசி வருஷம் இறுதி ஆட்டம் வந்தோம். ஸ்கோர் மேசையில் பேனா என்னிடம், சரிபார்க்க எதிர்க் கல்லூரிப் பெண் என் பக்கத்தில். எங்கள் கேப்டன் நாலாம் நம்பர். அவள் ஆடினால் ஆட்டம், அவள் உட்கார்ந்தால் நாங்கள் பூஜ்யம். ஒருத்திக்கு ஐந்து ஃபவுல் ஆகிவிட்டால் வெளியே போய்விட வேண்டும், அதுதான் விதி. இரண்டாம் பாதி தொடங்கியதுமே எங்கள் பெண்கள் இரண்டு பேர் ஒன்றாக எகிற, எதிர்ப் பெண் விழ, விசில் அடித்தது. ஒருத்தி எங்கள் நாலாம் நம்பர், இன்னொருத்தி பதினாலாம் நம்பர். நடுவர் மேசையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நாலு விரல் தெரிந்தது. நாலு என்றால் வெறும் நாலு விரல். பதினாலு என்றால் மற்றக் கையை முஷ்டியாக மடக்கிக் காட்ட வேண்டும். அந்த மற்றக் கையை அதே நொடியில் குறுக்கே ஓடிய ஒருத்தி மறைத்துவிட்டாள். "நாலுகே", நாலாம் நம்பர்தான், என்றாள் பக்கத்தில் இருந்தவள். நானும் கேப்டனுடைய வரிசையில் குறித்துவிட்டேன். நடுவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுந்து கேட்கப் பயம், ஆட்டம் நின்றுவிடும், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். கேப்டன் பந்தைத் தட்டப்போய் எதிராளியின் கையைத் தட்டினாள். விசில். நான் தாளைப் பார்த்தேன். அவள் வரிசையில் ஏற்கெனவே நாலு. ஐந்து என்று எழுதிய சிவப்பு அட்டை மேசையில் கிடந்தது, அதைத் தூக்கிக் காட்ட வேண்டியவள் நான். தூக்க வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. தூக்கினேன். கேப்டன் வெளியே வந்தாள். எதிர்ப் பெண் ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டாள். ஒரு புள்ளியில் தோற்றோம். அந்தப் புள்ளியையும் என் கையால்தான் எழுதினேன், என் முத்து முத்தான எழுத்தில்.

"எனக்கு நாலுதான்" என்று கேப்டன் அழுதாள். தாளில் எழுதியதுதான் முடிவு என்று நடுவர் சொல்லிவிட்டார். ஹாஸ்டலில் இரண்டு நாள் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. மெஸ்ஸில் நான் உட்கார்ந்தால் அந்தப் பலகை காலியாகும். மூன்றாம் நாள் கேப்டன் என் அறை வாசலில் வந்து நின்றாள். அவளும் எங்கள் பக்கத்துப் பெண்தான், தமிழ் பேசுகிறவள்.

"காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணுவியா?" என்றாள்.

சித்தூர் பக்கத்தில் எந்தச் சண்டையும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். வரப்பை யார் வெட்டினது, வளையலை யார் எடுத்தது, குடியை விட்டேன் என்கிறவன் நிஜமாகவே விட்டானா, எல்லாவற்றுக்கும் காணிப்பாக்கத்துப் பிள்ளையார்தான் சாட்சி. குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு போய் அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அங்கே பொய் சொல்கிறவனை அவர் விடமாட்டார் என்று எங்கள் ஜனங்களுக்கு நம்பிக்கை. ஆனால் கூடைப்பந்து ஃபவுலுக்காக அவரிடம் பஞ்சாயத்துக்குப் போன கூட்டம் எங்களைத் தவிர வேறு இருந்திருக்காது.

எட்டுப் பேர் பஸ் ஏறிப் போனோம். நான் ஒருத்திதான் குளத்தில் முங்கினேன். பாவாடை காலோடு ஒட்ட, தாவணியிலிருந்து தண்ணீர் சொட்ட, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இந்தப் பெண் என்னத்தைத் திருடினாளோ என்று பார்த்தார்கள். சன்னிதியில் கேப்டன் என் காதருகில், "எனக்கு அஞ்சு ஃபவுல் ஆச்சின்னு சொல்லு" என்றாள்.

எனக்கு அந்த மறைந்த கை நினைவுக்கு வந்தது. ஐந்து என்று சொல்ல வாய் வரவில்லை. "நான் கண்ணால பார்த்தத்தான் எழுதினேன், சத்தியமா" என்று சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று என்று எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது, பிள்ளையாருக்கும் தெரிந்திருக்கும். வெளியே வந்து அவர்கள் ஹோட்டலுக்குப் போய் இட்லி தின்றார்கள். ஈரத்தோடு உள்ளே உட்காரக்கூடாது என்று கடைக்காரர் சொன்னதால் நான் வெயிலில் நின்றேன். பஸ்ஸில் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். சண்டை தீர்ந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு என்னை யாரும் "ஸ்கோர்" என்று கூப்பிடவில்லை. பேச வேண்டியிருந்தால் "இந்தா" என்றார்கள்.

படிப்பு முடிந்து அவரவர் திசையில் போனோம். மறு வருஷம் போட்டி அறிவித்ததைப் பேப்பரில் பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். எங்கள் கல்லூரி ஒரு தடவை கோப்பையைத் தூக்கிவிட்டால், நான் தொலைத்திருந்தால்கூட, அது திரும்பி வந்துவிட்டது என்று மனசு ஆறும். அந்தப் பத்துப் பேரில் யாராவது வருவார்கள் என்றும் நினைத்தேன். யாரும் வரவில்லை. அந்த வருஷமும் தோற்றோம்.

அதற்குப் பிறகு பார்த்த தோல்விகளைச் சொன்னால் பொழுது போதாது. ஒரு வருஷம் மழை. சிமென்ட் கோர்ட்டில் சாக்கைப் போட்டு இழுத்துத் தண்ணீரை வழித்துவிட்டு ஆடினார்கள். சமமாகி, கூடுதல் நேரம் கொடுத்து, அதன் கடைசி நொடியில் தனியாகப் பந்தோடு ஓடிய எங்கள் பெண் ரிங்குக்குக் கீழே வழுக்கி உட்கார்ந்தாள். பந்து அவள் மடியில் இருந்தது. விசில் அடித்துவிட்டது.

இன்னொரு வருஷம், அரையிறுதியில் விரல் பிசகிய பெண் ஒருத்தி, எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றாள். வலது கையில் இரண்டு விரல் தடித்த கட்டுக்குள். வேறு ஆள் இல்லாமல் கடைசியில் அவளை இறக்கினார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ அவளுக்குக் கிடைத்தது, இடது கையால் போட்டாள். முதலாவது விழுந்தது. இரண்டாவது ரிங்கின் மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. ஒரு புள்ளி. ஆட்டம் முடிந்து அவள் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை, இறங்கிப் போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, மீரெவரு?" என்றாள். நீங்கள் யார்? என்ன சொல்வது? "நானும் ஒரு புள்ளில தோத்தவதாம்மா" என்று தமிழில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நைனா போன வருஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் இருந்தது. வீடு முழுக்க உறவுக்காரர்கள். எங்கள் கல்லூரி இறுதி ஆட்டம் வந்திருப்பதாக பி.டி. மேடம் போனில் சொன்னார். ரிட்டயர் ஆகியும் எனக்குச் சேதி சொல்கிறவர் அவர் ஒருவர்தான், இப்போது அவரும் இல்லை. மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி திருப்பதிக்குப் போய்விட்டேன். இருபது புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார்கள். வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"அப்பன் செத்து காரியம் ஆவல. உனுக்கு பந்து கேக்குதா?" என்றான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையப் போனேன். "போ, அந்த கோர்ட்டுலயே போய் குடும்பம் நடத்து" என்றான். அன்றைக்கு விட்ட பேச்சு, இன்றைக்கும் கல்யாணம் கருமாதி என்றால் தலையை ஆட்டுவதோடு சரி. செய்தது தப்புதான். நைனா படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். ஆனாலும் அடுத்த வருஷமும் போனேன்.

இந்த வருஷம் மறுபடியும் இறுதி ஆட்டம். எதிரில் சித்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரி. ஸ்கோர் மேசையில் இப்போது தாளுக்குப் பதிலாக டேப்லெட். பாதி ஆட்டத்தில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். இடைவேளையில் எதிரணிப் பக்கத்துப் படிகளிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, கூலிங் கிளாஸைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, என்னையே பார்த்தபடி கோர்ட்டைச் சுற்றி வந்தாள். கிட்டே வந்ததும் அந்த நடையில் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் கேப்டன்.

"ஏய், ஸ்கோருதான நீ?" என்றாள். அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம்! பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பெங்களூரில் இருந்தவர்கள் இப்போது சித்தூருக்கே வந்துவிட்டார்களாம். எதிரணியில் ஆடும் ஏழாம் நம்பர் அவள் பெண்ணாம்.

"உன் பொண்ணு எது?"

"எனக்கு யாரும் இல்ல. சும்மா பாக்க வருவேன்."

"சும்மாவா? எத்தினி வருஷமா வந்துகினு கீற?"

"அந்த வருஷத்துலருந்து."

அவள் சிரித்தாள். இப்போது விட்டால் இனிமேல் கேட்கவே முடியாது என்று தோன்றியது. "ஒண்ணு கேக்கறேன், நெஜத்தைச் சொல்லு. ஃபைனல்ல, செகண்ட் ஹாஃப் ஆரம்பத்துல ஒரு ஃபவுல். நீயும் பதினாலாம் நம்பரும் ஒண்ணா எகிறினீங்க. அது யாருது?"

"இன்னாடி இது, நேத்து நடந்தாப்ல கேக்கற. என்னுதுதான். அந்தப் பொண்ணு கை மேல என் கைதான் பட்டுது."

"அப்ப கடைசில ஆனது அஞ்சாவதுதான்?"

"அஞ்சாவதுதான். எனக்குத் தெரியாதா? எண்ணிகினே ஆடினேனே."

"அப்புறம் ஏன் என்னை காணிப்பாக்கத்துக்கு இட்டுகினு போன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல யோசித்த மாதிரி இல்லை, நினைவு படுத்திக்கொள்ள யோசித்தாள். "சின்ன வயசுடி. நான்தான் தோக்கடிச்சேன்னு எல்லாம் என்னத் திட்டுவாளுங்கன்னு பயம். உன்மேல போட்டா நீ ஒண்ணும் பேசமாட்டன்னு தெரியும். நீ சத்தியம் பண்ண, அதோட முடிஞ்சிபோச்சி. திரும்பி வர்றச்சே பஸ்ல இன்னா பாட்டு பாடினோம், ஞாபகம் கீதா?"

முடிந்துபோனதாம். ஓங்கி ஓர் அறை விடலாம் போலக் கை பரபரத்தது. ஐம்பது வயதில் அறைந்து என்ன ஆகப்போகிறது? "குளத்துத் தண்ணி ஜில்லுனு இருந்தது. அதான் ஞாபகம் இருக்கு" என்றேன். அவள் அதற்கும் சிரித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"நம்ம டீமு எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்புல கீறோம், ஆறு வருஷமா. உன்ன யாரும் சேக்கலியா? நம்பர் சொல்லு."

சொன்னேன். சேர்த்தாள். ஆட்டம் மறுபடி தொடங்க, அவள் தன் பெண்ணின் பக்கத்துக்கு ஓடிவிட்டாள்.

நான் இரண்டு நிமிஷம் கோர்ட்டைப் பார்த்தேன். பெண்கள் ஓடினார்கள், பந்து எகிறியது, எனக்கு எதுவும் மனசில் ஏறவில்லை. நான் எந்தக் கோப்பையையும் தொலைக்கவில்லை. அப்படியென்றால் இத்தனை வருஷமும், நைனாவின் காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஓடி வந்ததும் எதற்காக? இவர்கள் ஜெயித்தால் எனக்கென்ன, தோற்றால் எனக்கென்ன? பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஆட்டத்தின் நடுவில் நான் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிளம்பத் தயாராக நின்ற சித்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

சந்திரகிரி வருவதற்குள் போன் கிணுகிணுவென்று அடித்தது. குரூப்பில் யாரோ, "இது எவ நம்பரு?" என்று கேட்டிருந்தாள். "நம்ம ஸ்கோரு" என்று கேப்டன் போட்டிருந்தாள். ஒருத்தி கும்பிடு அனுப்பினாள், இன்னொருத்தி பூங்கொத்து. மேட்ச் என்ன ஆச்சு, நம்ம காலேஜ் ஜெயிச்சுதா என்று மூன்றாமவள் கேட்க, கேப்டன் எழுதினாள்: "என் பொண்ணு ஆடறா, என்ன தொந்தரவு பண்ணாதீங்க. ஸ்கோரக் கேளுங்க, அவதான் வருஷா வருஷம் பாக்கறா."

உடனே ஒவ்வொருத்தியாக என்னைக் கேட்டார்கள். சொல்லுடி ஸ்கோரு. இந்தத் தடவையாவது உண்டா? ஏய், சொல்லேன்.

இருபத்தெட்டு வருஷத்தில் இவர்களில் ஒருத்தி ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருந்தால் எல்லா வருஷத்து ஆட்டத்தையும் ஒப்பித்திருப்பேன். கேட்டது அன்றைக்குத்தான். பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒன்பது புள்ளி பின்னால் இருந்தவர்கள் என்ன ஆகியிருக்கப் போகிறார்கள்? கொஞ்ச நேரம் பொறுத்து, ஆட்டம் முடிந்திருக்கும் என்று தோன்றியதும் "தோத்துட்டோம்" என்று அனுப்பினேன். அழுகிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. விடுடி, நமக்கு எப்பவும் இதே கதிதான் என்று ஒருத்தி எழுதினாள். நமக்கு என்று எழுதியிருந்தாள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பத்து நிமிஷம் கழித்துக் கேப்டனிடமிருந்து வந்தது. "ஏய், இன்னா ஒளறி வெச்சிகீற? ஜெயிச்சிட்டாங்கடி உங்க பொண்ணுங்க. இப்பதான் முடிஞ்சிது, ஒரு பாயிண்டு. என் பொண்ணு தேம்பிகினு கீறா. கப்பு குடுக்கறாங்க, நீ எங்க போன? படி படியா தேடறேன்."

பின்னாலேயே ஒரு போட்டோ. பன்னிரண்டு பெண்கள், நடுவில் கோப்பை. வேர்வையும் கண்ணீரும் சிரிப்புமாக ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்திருந்தார்கள். எழுந்து கண்டக்டரிடம் இறங்குகிறேன் என்றேன். பாகாலாவுக்கு முன்னால் ஸ்டாப் இல்லையே அம்மா, ஏன் என்றார். இறங்கி என்ன செய்வேன்? நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே விளக்குமாறு போட்டுப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சத்தம் வராமல் அழ வேண்டியிருந்தது, பக்கத்தில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

குரூப்பில் ஒரே ஆரவாரம். அதன் நடுவில் ஒருத்தி மட்டும் என்னைக் கேட்டிருந்தாள்: "அப்ப நீ பாக்கலியா?"

பாக்கல என்று எழுதி அனுப்பினேன்.